வேலை இல்லாதவன் ஓட்டு எந்தப் பெட்டியில் விழும்?

கோபிசெட்டிபாளையம் பஸ் நிலையத்தில் விடிகாலை 5½ மணிக்குப் போய் நின்றால் ஒரு காட்சியைப் பார்க்கலாம்.

திருப்பூர் பஸ் வந்ததும் வாலிபர்கள் முண்டியடித்து ஏறுவார்கள். கையில் சோத்து டப்பா, சட்டைப் பையில் செல்போன். விசாரித்துப் பார்த்தால் அந்தக் கூட்டத்தில் பி.காம். இருப்பார், பி.எஸ்சி. இருப்பார், பி.இ. படித்தவரும் இருப்பார். போகிற இடம் பனியன் கம்பெனி. பார்க்கிற வேலை செக்கிங், பேக்கிங். படிப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அந்த பஸ்சில் ஏறாதவர்களும் ஊரில் இருக்கிறார்கள். காலை 10 மணிக்கு மேல் டீக்கடைப் பெஞ்சில் பார்க்கலாம். "பையன் என்ன பண்றானுங்க?" என்று வீட்டில் கேட்டால், "பரீட்சைக்குப் படிச்சுட்டு இருக்கானுங்க" என்று பதில் வரும். எந்தப் பரீட்சை, எத்தனாவது தடவை என்று கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த தடவை அந்த வீட்டில் காப்பி கிடைக்காது!

தேர்தல் வந்தால் போதும். எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் இந்த வாலிபர்கள் மேல் திடீர்ப் பாசம் பொங்கும். தோளில் கை போடுவார்கள். "தம்பி, நம்ம ஆட்சி வரட்டும்" என்பார்கள்.

"வேலை இல்லாதவனுக்கு ஆத்திரம் இருக்கும். ஆத்திரப்படுகிறவன் ஆளுங்கட்சிக்கு எதிராகத்தான் குத்துவான்." இது அரசியல்வாதி போடுகிற கணக்கு.

கணக்கு தப்பு. பல ஊரில் தப்பியிருக்கிறது.

கோபியின் விலை 176

நாட்டின் மிகப் பெரிய பதவி ஜனாதிபதி பதவி. அந்தத் தேர்தலில் கோபிக்காரர் யாரும் கியூவில் நிற்பதில்லை. எம்.எல்.ஏ.க்களும் எம்.பி.க்களும் ஓட்டுப் போட்டு முடித்து விடுகிறார்கள்.

2022-ம் ஆண்டு ஜூலை 18-ந் தேதி திரவுபதி முர்முவும் யஷ்வந்த் சின்காவும் மோதினார்கள். அப்போது தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176. உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.க்கு 208. சிக்கிம் எம்.எல்.ஏ.க்கு வெறும் 7. எல்லாம் 1971-ம் ஆண்டு ஜனத்தொகையை வைத்துப் போட்ட கணக்கு. 1971-ல் பிறந்தவருக்கே அப்போது 50 வயது தாண்டி விட்டது. ஆனாலும் கணக்கு மாறவில்லை!

ஆக, கோபித் தொகுதி முழுவதும் சேர்ந்து 176. அதில் வேலை இல்லாதவர் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும்.

இத்தனைக்கும் வேலை இல்லாத் திண்டாட்டத்தைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதிய ஜனாதிபதி இந்த நாட்டில் இருந்திருக்கிறார். தொழிற்சங்கத் தலைவராக இருந்து வந்த வி.வி.கிரி. 1969-ம் ஆண்டு சஞ்சீவ ரெட்டியை எதிர்த்து நின்று, 2-வது விருப்ப ஓட்டை எண்ணிய பிறகுதான் ஜெயித்தார். மறு ஆண்டு அவருடைய புத்தகம் வந்தது. கோடிக்கணக்கான பேருக்கு வேலை கொடுப்பது எப்படி என்பதுதான் விஷயம். புத்தகம் நூலகத்தில் இருக்கிறது. வேலை?

எனவே ஜனங்களே நேரில் போய் ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கிற இடத்தில் வேலை என்ன விளையாட்டு காட்டுகிறது என்று பார்க்க, கடல் தாண்டித்தான் போக வேண்டும். ரொம்ப தூரம் வேண்டாம். இலங்கை போதும்.

துப்பாக்கி எடுத்தவர்கள்

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போகிறவர்களுக்கு இலங்கைக் கதை புதிதல்ல. 1964-ம் ஆண்டு சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசாங்கம் தேயிலைத் தோட்டம் போட்டது.

அவர்கள் விட்டு வந்த நாட்டில் 1971-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெரிய கலவரம் வெடித்தது. ஒரே ராத்திரியில் பல போலீஸ் நிலையங்கள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களில் பெரும்பாலோர் படித்து விட்டு வேலை கிடைக்காமல் அலைந்த சிங்கள வாலிபர்கள். ஜே.வி.பி. என்ற கட்சி அவர்களைத் திரட்டியது. தலைவர் ரோகண விஜேவீரா. ஆயிரக்கணக்கான வாலிபர்கள் செத்தார்கள். அதற்கு முந்தின வருடம்தான் அந்த வாலிபர்கள் சிறிமாவோ பண்டாரநாயகா கூட்டணிக்கு ஆதரவாக வேலை பார்த்திருந்தார்கள். வேலை கிடைக்கும் என்று நம்பினார்கள். கிடைக்கவில்லை.

1977-ல் அந்த அம்மையாரின் ஆட்சி படுதோல்வி அடைந்தது. ஜெயவர்த்தனே 168 இடத்தில் 140 இடத்தைப் பிடித்தார். அரசியல் சட்டத்தை மாற்றி, தானே அதிகாரம் படைத்த ஜனாதிபதி ஆனார். கட்டுநாயகாவில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை வந்தது. வளைகுடா நாடுகளுக்கு ஆள் போக ஆரம்பித்தது.

1982-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி முதல் ஜனாதிபதித் தேர்தல். ஜெயவர்த்தனே 52.9 சதவீதம் வாங்கி ஜெயித்தார். விஜேவீராவும் நின்றார். அவருக்குக் கிடைத்தது 4 சதவீதம்தான்! வேலை இல்லாதவர்கள் எல்லாரும் அவர் பக்கம் போயிருந்தால் இந்த எண்ணிக்கை வருமா? போகவில்லை. ஆள் எடுக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், வேலை கிடைக்காதவன்கூட 'அடுத்த நம்பர் நமக்குத்தான்' என்று காத்திருப்பான். காத்திருக்கிறவன் பெஞ்சை உடைக்க மாட்டான்.

அதே தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தில் நடந்ததைக் கொங்கு விவசாயிகள் தெரிந்து கொள்வது நல்லது. அங்கே முதலிடம் தமிழ்க் காங்கிரஸ் குமார் பொன்னம்பலத்துக்கு. அது எதிர்பார்த்ததுதான். 2-வது இடம் யாருக்கு? சிறிமாவோ கட்சியின் சிங்கள வேட்பாளர் கொப்பேகடுவாவுக்கு! அவர் சிறிமாவோ காலத்து விவசாய மந்திரி. அந்த ஆட்சியில் வெளிநாட்டு வெங்காயமும் மிளகாயும் இறக்குமதி ஆகாமல் தடுத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்து வெங்காயக்காரர் கையில் காசு புரண்டது. ஜெயவர்த்தனே கதவைத் திறந்து விட்டதும் விலை சரிந்தது. காட்டில் வேலையும் போனது. வெங்காயம் போட்டவன் மறக்கவில்லை.

மஞ்சள் விலை விழுந்த வருடம் ஈரோட்டு மார்க்கெட்டில் நிற்கிற விவசாயி என்ன நினைப்பாரோ, அதைத்தான் அவர்களும் நினைத்தார்கள்.

3-ல் இருந்து 42

காலம் ஓடியது. 2019-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கோத்தபய ராஜபக்சே 69 லட்சம் ஓட்டு வாங்கி ஜனாதிபதி ஆனார். ஏழைக் குடும்பத்தினர் 1 லட்சம் பேருக்கு அரசாங்க வேலை என்று திட்டம் போட்டார். தமிழர் பகுதி அவருக்கு ஓட்டுப் போடவில்லை. போர்க்காலத்தில் ராணுவ இலாகா செயலாளராக இருந்தவருக்கு அங்கே யார் போடுவார்கள்? வேலை தருகிறேன் என்றாலும் வீட்டில் ஆளைப் பறி கொடுத்தவன் ஓட்டு அந்தப் பக்கம் போகாது. வயிற்றை விடப் பெரிய காயம் சில இடத்தில் உண்டு. இதை மறந்து விட்டு வேலை, வேலை என்று மட்டும் பேசினால் கணக்கு உதைக்கும்.

அதே தேர்தலில் ஜே.வி.பி. தலைவர் அனுரா குமார திசநாயகா நின்றார். கிடைத்தது 3 சதவீதம்.

பிறகு நடந்ததை உலகமே பார்த்தது. 2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை. 2022-ல் கஜானா காலி. பெட்ரோலுக்குக் கியூ, கேசுக்குக் கியூ, பால் மாவுக்கு அலைச்சல். ஜூலை 9-ந் தேதி ஜனாதிபதி மாளிகைக்குள் ஜனங்கள் புகுந்தார்கள். நீச்சல் குளத்தில் குதித்து விளையாடினார்கள். கோத்தபய மாலத்தீவுக்குப் பறந்தார்.

2024-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி மறுபடி தேர்தல். 3 சதவீதம் வாங்கிய அனுரா 42 சதவீதம் வாங்கினார். பாதிக்கு மேல் யாருக்கும் கிடைக்காததால் இலங்கை ஜனாதிபதித் தேர்தல் சரித்திரத்தில் முதல் தடவையாக 2-வது விருப்ப ஓட்டை எண்ணினார்கள். துப்பாக்கி எடுத்த கட்சி 53 வருடம் கழித்து ஓட்டில் ஆட்சியைப் பிடித்தது.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த வருடம் இலங்கை அரசாங்கக் கணக்குப்படி வேலை இல்லாதவர்கள் 5 சதவீதத்துக்குள்தான்! தாளில் பார்த்தால் சொர்க்கம். ஆனால் 25 வயதுக்கு உட்பட்டவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 20 சதவீதத்தை ஒட்டி நின்றது. பெரியவருக்கு வேலை இருக்கிறது, சம்பளம் பத்தவில்லை. பையனுக்கு வேலையே இல்லை. ஒரே வீடு. ஒரே சோற்றுப் பானை.

அப்போதும் யாழ்ப்பாணத்தில் அனுராவுக்கு 10 சதவீதம்கூடக் கிடைக்கவில்லை. சஜித் பிரேமதாசா முதலிடம், தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரன் 2-ம் இடம். ஆனால் இரண்டே மாதத்தில், நவம்பர் 14-ந் தேதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அதே யாழ்ப்பாண மாவட்டத்தில் 6 இடத்தில் 3 இடத்தை அனுரா கட்சி பிடித்தது. ஜனாதிபதித் தேர்தலில் யார் வருவார் என்று தெரியாது. வந்து உட்கார்ந்த பிறகு, காரியம் ஆக வேண்டியவன் அந்தப் பக்கம் பார்க்கிறான். இதைத் துரோகம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. மாதம் பிறந்தால் வாடகை கட்ட வேண்டியவனைத் திட்டி என்ன ஆகப் போகிறது?

பறந்து போன ஓட்டு

இன்னொரு கணக்கு. 2022, 2023, 2024 ஆகிய மூன்று வருடத்திலும் வருடத்துக்குச் சுமார் 3 லட்சம் பேர் வேலை தேடி இலங்கையை விட்டு வெளிநாடு போனார்கள். வெளிநாட்டில் இருந்தபடி அவர்கள் ஓட்டுப் போட வழி கிடையாது. விமானம் ஏறி வந்து போட வேண்டும். ஒரு ஓட்டுக்காக எவன் வருவான்?

ஆக, வேலை இல்லாமல் ரொம்பவும் அடிபட்டவன் எவனோ, அவன் ஓட்டே பெட்டிக்கு வருவதில்லை!

இது கோபிக்குச் சம்பந்தம் இல்லாத கதை என்று நினைக்க வேண்டாம். கோபி, பெருந்துறை, திருப்பூர் ஓட்டல்களில், மில்களில், ரைஸ் மில்களில் வேலை பார்க்கும் பீகார் வாலிபர்களைப் பாருங்கள். ஊரில் வேலை இருந்தால் 2 ஆயிரம் கிலோ மீட்டர் ரெயிலில் நின்று கொண்டு வருவார்களா?

பீகாரில் 2020-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தல். "10 லட்சம் அரசாங்க வேலை" என்றார் தேஜஸ்வி யாதவ். கூட்டம் அலைமோதியது. அவர் கட்சி 75 இடம் பிடித்துத் தனிப்பெருங் கட்சி ஆனது. ஆட்சி மயிரிழையில் தப்பிப் போனது.

2025 நவம்பரில் அவர் இன்னும் ஒரு படி ஏறினார். "வீட்டுக்கு ஒருவருக்கு அரசாங்க வேலை" என்றார். கிடைத்தது? 25 இடம்! எதிர்த் தரப்புக்கு 202.

என்ன நடந்தது? தேர்தலுக்கு முன்னால் செப்டம்பர் 26-ந் தேதி, தொழில் தொடங்க என்று சொல்லி 75 லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் ஆளுக்கு 10 ஆயிரம் ரூபாய் விழுந்தது. ஓட்டுப்பதிவு அன்று பெண்கள் 71 சதவீதத்துக்கு மேல் வந்தார்கள். ஆண்கள் சுமார் 63 சதவீதம்தான். மகன் திருப்பூரில் மூட்டை தூக்கிக் கொண்டிருந்தான். அம்மா ஊரில் கியூவில் நின்றாள். நாளைக்கு வரும் என்ற வேலையையும் இன்றைக்கு வந்த பத்தாயிரத்தையும் அவள் தராசில் போட்டுப் பார்த்தாள். அது மட்டும்தான் காரணம் என்று சொல்ல முடியாது. கூட்டணி, ஜாதி எல்லாம் இருந்தது. ஆனாலும் வேலை இல்லாதவனை நம்பி இறங்கியவருக்கு, வேலை இல்லாதவன் ஊரிலேயே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அமெரிக்காவில் குத்தினால் திருப்பூரில் வலி

அமெரிக்கக் கதையும் இதே மாதிரிதான். 1932-ல் தொழிலாளிகளில் 4 பேருக்கு ஒருவர் என்ற அளவில் வேலை இல்லை. ஜனாதிபதி ஹூவர் தூக்கி எறியப்பட்டார். ஆனால் 1984-ல் 7 சதவீதத்துக்கு மேல் வேலை இல்லாதபோதும் ரீகன் 50 மாநிலங்களில் 49-ல் ஜெயித்தார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அது 10 சதவீதத்துக்கு மேல் இருந்து இறங்கி வந்ததுதான் காரணம். ஏறுகிறதா, இறங்குகிறதா என்றுதான் ஜனங்கள் பார்க்கிறார்கள். எவ்வளவு என்று பார்ப்பதில்லை.

பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் என்று மூன்று மாநிலங்கள். பூட்டிய தொழிற்சாலைகள் நிறைந்த இடங்கள். "போன வேலையைத் திரும்பக் கொண்டு வருவேன்" என்று சொல்லியே டிரம்ப் 2016-ல் அந்த மூன்றையும் பிடித்தார். 2024-ல் மறுபடியும் பிடித்தார். திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துக்காரர்கள் கமலா ஹாரிசுக்காக அய்யனார் கோவிலில் பூஜை செய்தது பலிக்கவில்லை.

அதோடு போனதா? 2025-ம் ஆண்டு ஆகஸ்டு 27-ந் தேதி முதல் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டார் டிரம்ப். திருப்பூர் பனியன் ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு. ஆர்டர் தயங்கியது. ஒன்றரை ஷிப்டு ஓடிய இடத்தில் ஒரு ஷிப்டு. சனிக்கிழமை சம்பளக் கவர் மெலிந்தது.

எங்கோ மிச்சிகனில் வேலை போனவன் குத்திய ஓட்டு, கோபி பஸ்சில் போகிறவன் சம்பளத்தில் கை வைத்தது!

ஒரு நாற்காலிக்கு 300 பேர்

சரி, கோபிக்கே வருவோம்.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாய்கிற பச்சைப் பூமி. நெல், கரும்பு, வாழை, மஞ்சள். சினிமாக்காரர்கள் படம் பிடிக்க ஓடி வருகிற இடம். பார்க்க அழகுதான். ஆனால் தாத்தா காலத்துப் பூமி அப்பன் காலத்தில் பாதியாகி, மகன் காலத்தில் கால்வாசி ஆகி விட்டது. "காட்டு வேலைக்கா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று அப்பனே விரட்டுகிறார். படித்தவன் எங்கே போவான்?

2022-ம் ஆண்டு குரூப்-4 பரீட்சைக்கு 7,301 இடம் என்று அறிவித்தார்கள். 22 லட்சம் பேர் மனுப் போட்டார்கள். ஒரு நாற்காலிக்கு 300 பேர்! பிறகு இடத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். 2024-ல் 6,244 இடம். மனு 20 லட்சத்துக்கு மேல். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்தவர்கள் 2022, 2023-ம் ஆண்டுகளில் 60 லட்சத்தைத் தாண்டினார்கள். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்துப் புதுப்பித்தே தலை நரைத்தவர்கள் உண்டு. 2006-ல் தொடங்கிய உதவித் தொகைத் திட்டத்தில் டிகிரிக்காரருக்கு மாதம் 600 ரூபாய் என்று இருந்தது. ஒரு நாளைக்கு 20 ரூபாய். டீயும் ஒரு வடையும்.

இந்தப் பையன் ஓட்டு யாருக்கு? பெரும்பாலும் அவன் கையில் இல்லை. சம்பாதிக்காதவன் பேச்சு வீட்டில் எடுபடாது. அப்பா எந்தக் கட்சியோ, மாமன் எந்தச் சின்னமோ, அதிலேயே போகும். சிலருக்குக் கட்சியே வேலை ஆகி விடுகிறது. கொடி கட்டினால் சாப்பாடு, கூட்டத்துக்குப் போனால் படிக்காசு. தேர்தல் மாதம் மட்டும் அவன் உத்தியோகஸ்தன். சிலர் நடிகர் பின்னால் போகிறார்கள். சிலர் ஓட்டுச்சாவடிப் பக்கமே போவதில்லை. "யாருக்குப் போட்டு என்னங்க ஆகப் போகுது?" என்று பெஞ்சில் சாய்கிறார்கள். ஆளுங்கட்சிக்குப் பெரிய நிம்மதி அந்தச் சாய்வுதான்.

எந்த செக்சன்?

போலீஸ் நிலையத்தில் அடிக்கடி வருகிற புகார் ஒன்று. "அரசாங்க வேலை வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணத்தை வாங்கி ஏமாற்றி விட்டார்." நகையை விற்று, தோட்டத்தை அடமானம் வைத்து லட்சக்கணக்கில் கொடுத்திருப்பார்கள். முன்பு 420-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் புதுச் சட்டத்தில் 318-வது பிரிவு. நிரூபணம் ஆனால் 7 வருடம் வரை உள்ளே போகலாம்.

பணத்துக்குப் பதில் ஓட்டை வாங்கிக் கொண்டு, வேலை தருகிறேன் என்றவர் மேல் எந்தப் பிரிவு?

ஒன்றும் கிடையாது. இலவச டி.வி. வழக்கில் 2013-ம் ஆண்டு ஜூலை 5-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. தேர்தல் அறிக்கையில் கொடுக்கும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்பது தீர்ப்பு. அதற்குப் பிறகு தேர்தல் கமிஷன் ஒரு விதி சேர்த்தது. வாக்குறுதி கொடுத்தால் அதற்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கோடிட்டுக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால்? அதற்குப் பதில் இல்லை.

2021-ம் ஆண்டு சட்டசபைத் தேர்தலில் தி.மு.க., "3½ லட்சம் காலி இடங்களை நிரப்புவோம்" என்றது. அ.தி.மு.க., "அரசாங்க உத்தியோகம் இல்லாத குடும்பத்தில் ஒருவருக்கு உத்தியோகம்" என்றது. ஒருவர் லட்சத்தில் பேசினால் மற்றவர் வீட்டுக்கு வீடு பேசினார். கோபியில் அ.தி.மு.க. ஜெயித்தது. கோட்டையில் தி.மு.க. உட்கார்ந்தது. குரூப்-4 நாற்காலி எண்ணிக்கை மேலே இருக்கிறது, பார்த்துக் கொள்ளலாம்.

அடுத்த தடவை யார் வந்து தோளில் கை போட்டாலும், கோபி வாலிபர்கள் வேலை வாங்கித் தருகிற தரகரிடம் கேட்கிற கேள்வியை அவரிடமும் கேட்கலாம். எந்த இலாகாவில்? எத்தனை இடம்? எந்த மாதம்? லட்சக்கணக்கில் பணம் கொடுக்கும்போது கேட்கிறவர்கள், ஐந்து வருடத்தைக் கொடுக்கும்போது கேட்க வெட்கப்படுகிறார்கள்.

ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவன் ஊரில் இருக்க மாட்டான் என்பதுதான் சிக்கல். ஒலிபெருக்கி கட்டிய பிரசார ஜீப் காலை 6 மணிக்கு முன்னால் கத்தக் கூடாது, ராத்திரி 10 மணிக்கு மேல் கத்தக் கூடாது என்று விதி. திருப்பூர் பஸ் 6 மணிக்கு முன்பே புறப்பட்டு விடுகிறது. ஒன்றரை ஷிப்டு முடித்தவன் கோபி பஸ் நிலையத்தில் இறங்கும்போது 10 மணி தாண்டி விடுகிறது. ஜீப்காரர்கள் மைக்கைக் கழற்றி வைத்து விட்டு, புரோட்டாக் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.